உடம்பின் மதில்கள்: தோல், குடல், கண், மூச்சுப்பாதை உறுதியாக இருக்க எந்தச் சத்து, எப்படி, எவ்வளவு?

திருச்சி மாவட்டக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1990-இல் வெளிவந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட 15,419 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை 8,333 யூனிட் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கும் வாரம் ஒருமுறை சொட்டு மருந்து உண்டு, அதில் ஏ மட்டும் கிடையாது. ஓராண்டு முடிந்து கணக்கெடுத்தபோது, ஏ கிடைத்த குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது.

இந்த ஆய்வில் என்னை இன்றும் அசைப்பது அந்தச் சிறிய அளவுதான். 8,333 யூனிட் பெரிய மருந்து அளவு இல்லை. ஒரு குழந்தை ஒரு வாரத்தில் வீட்டுச் சாப்பாட்டிலிருந்தே பெற்றிருக்கக்கூடிய அளவு. கீரையும் முட்டையும் பாலும் பப்பாளியும் தந்திருக்க வேண்டியதைத்தான் அந்தச் சொட்டு தந்தது.

வைட்டமின் ஏ எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. பிறகு எப்படிக் குழந்தைகள் பிழைத்தார்கள்? நோய் எதிர்ப்புச் சக்தி என்றதும் எல்லோரும் இரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களைப் பற்றித்தான் பேசுகிறோம். ஏ அந்த அணுக்களுக்கும் வேண்டியதுதான். ஆனால் கிருமி அவற்றைச் சந்திப்பதற்கு முன்னால் ஒரு மதிலைத் தாண்டியாக வேண்டும். தோல், கண்ணின் மேற்படலம், மூக்கிலிருந்து நுரையீரல் வரையிலான ஈரச் சவ்வு, வாயிலிருந்து ஆசனவாய் வரையிலான குடல் சுவர், இவைதான் அந்த மதில்கள். நாம் சாப்பிடும் சத்துகள் இந்த மதில்களை எப்படிக் கட்டுகின்றன, அதற்கு வீட்டில் என்ன செய்யலாம் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: மதில் தினமும் இடிந்து தினமும் எழுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரியவர் ஒருவரின் தோலை விரித்தால் ஏறக்குறைய 2 சதுர மீட்டர் வரும். குடலின் உட்பரப்பு அதைவிடப் பல மடங்கு பெரிது. 30 சதுர மீட்டர் அளவுக்கு வரும் என்பது இப்போதைய கணக்கு. இவ்வளவு பெரிய குடல் சுவர் ஒரே ஓர் அடுக்கு செல்லால் ஆனது. ஒரு பக்கம் கோடானுகோடி கிருமிகளும் செரித்த சோறும், மறுபக்கம் இரத்தம், நடுவே ஒரு செல். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள இடுக்கைப் புரதப் பூட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மேலே வழவழப்பான ஒரு கோழை படர்ந்திருக்கிறது.

தோலின் கட்டுமானம் வேறு. மேல் அடுக்கில் இருப்பவை உயிரற்ற தட்டையான செல்கள். அவற்றைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால் இடையில் பூசிய சாந்து கொழுப்பு. மூச்சுப்பாதையில் கோழையோடு நுண்ணிய மயிரிழைகளும் உண்டு. அவை ஓயாமல் அசைந்து, ஒட்டிய தூசியையும் கிருமியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான். தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். குடலின் உட்சுவருக்கு மூன்று முதல் ஐந்து நாள் போதும். போன வாரம் உங்களுக்குள் இருந்த குடல் சுவர் இன்று இல்லை. நின்று நிலைத்த கோட்டை மாதிரி இல்லாமல், எப்போதும் கொத்தனார் வேலை நடந்துகொண்டிருக்கும் வீடு மாதிரி இருக்கிறது நம் உடம்பு. சரக்கு வராவிட்டால் வேலை நின்றுவிடும்.

அப்படியானால் எந்தச் சரக்கு உடம்பின் கிடங்கில் எத்தனை நாள் இருக்கும் என்று தெரிய வேண்டும். துத்தநாகத்துக்கு, அதாவது ஜிங்குக்கு, தனிக் கிடங்கே இல்லை. வைட்டமின் சி துளியும் உள்ளே போகாவிட்டால் ஒன்று முதல் மூன்று மாதத்தில் கோளாறு தெரிய ஆரம்பிக்கும். ஃபோலிக் அமிலம் மூன்று நான்கு மாதம் தாங்கும். வைட்டமின் ஏ நன்றாகச் சாப்பிட்டவரின் கல்லீரலில் பல மாதங்களுக்கு இருக்கும். வைட்டமின் பி12 சில ஆண்டுகளுக்கே வரும். ஆகவே துத்தநாகமும் சியும் தினசரிச் சமையலில் இருக்க வேண்டும், ஏ வாரத்தில் சில நாள் வந்தால் போதும். அரசு சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ திரவம் கொடுத்தால் போதும் என்பதற்கும் காரணம் இந்தக் கிடங்குதான்.

படி 2: கண்ணாடி முன் நின்று மதிலைப் பாருங்கள்

மாத்திரைக் கடைக்குப் போவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.

கண். பொழுது சாயும் நேரத்தில் குழந்தை தட்டுத்தடுமாறுகிறதா, கீழே விழுந்த பொம்மையைத் தேடித் தடவுகிறதா என்று கவனியுங்கள். மாலைக்கண் என்று நம் பாட்டிகள் பெயர் வைத்தது இதைத்தான். வெள்ளைவிழி பளபளப்பு இழந்து வறண்டிருந்தாலோ, கருவிழிக்குப் பக்கத்தில் சோப்பு நுரை ஒட்டியது போலச் சாம்பல் வெள்ளைத் திட்டு இருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த கட்டத்தில் கருவிழியே கரைந்து பார்வை போய்விடும். அதற்குச் சில நாள் போதும்.

வாய். கடைவாயில் வெடிப்பு, உதட்டில் எரிச்சல், மேடுபள்ளம் இல்லாமல் மழமழவென்று சிவந்த நாக்கு, காரம் பட்டதும் சுள்ளென்று எரிவது, இவையெல்லாம் பி2, ஃபோலிக் அமிலம், பி12, இரும்புச்சத்து இவற்றில் ஏதோ ஒன்று அல்லது பல குறைந்திருப்பதைக் காட்டக்கூடும். வாயின் சவ்வும் வேகமாகப் புதுப்பிக்கப்படுவது என்பதால் பற்றாக்குறை அங்கே சீக்கிரம் தெரிகிறது. ஆனால் பூஞ்சைத் தொற்றும், சரியாகப் பொருந்தாத பல்செட்டும்கூடக் கடைவாயை வெடிக்க வைக்கும். ஈறில் இரத்தம் வந்தாலும் உடனே வைட்டமின் சி குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பல்லில் படிந்த காரைதான் காரணம்.

தோல். முழங்கை, முழங்கால் பக்கம் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று முள் முளைத்தது போல இருந்தால் அதற்கு மருத்துவத்தில் தேரைத்தோல் என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. 1933-இல் நிக்கோல்ஸ் என்ற மருத்துவர் வைத்த பெயர் அது. முதலில் வைட்டமின் ஏ குறைவு மட்டும்தான் காரணம் என்று நினைத்தார்கள். நல்ல கொழுப்பும் பி வைட்டமின்களும் குறைந்தாலும் இது வரும் என்று பிறகு தெரிந்தது.

காயம் ஆறவில்லையா? இந்த ஒன்றில் மட்டும் சத்து மாத்திரையைத் தேடுவதற்கு முன் சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். ஆறாத புண்ணுக்கு நம் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீரிழிவைத்தான்.

படி 3: வைட்டமின் ஏ, மேஸ்திரி வேலை

மதில் எழும்பும்போது ஒவ்வொரு புதிய செல்லுக்கும் ஒரு கட்டளை வேண்டும். நீ கோழை சுரக்கும் செல்லாக வேண்டுமா, கெட்டியான தோல் செல்லாக வேண்டுமா என்ற கட்டளை. வைட்டமின் ஏ உடம்பில் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்லின் கருவுக்குள் நுழைந்து, மரபணுக்களைத் தூண்டி அந்தக் கட்டளையைக் கொடுக்கிறது. அது கிடைக்காவிட்டால் ஈரமாக இருக்க வேண்டிய இடத்தில் தோல் போன்ற வறண்ட செல்கள் வந்து உட்கார்ந்துவிடும். 1925-இல் வோல்பாக், ஹவ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏ கிடைக்காத எலிகளின் மூச்சுப்பாதையிலும் கண்ணிலும் சிறுநீர்ப் பாதையிலும் இந்த மாற்றத்தைக் கண்டு விவரமாக எழுதினார்கள். கண்ணில் தெரியும் வறட்சி வெளியே தெரிகிற ஒரு சாளரம் மட்டும். அதே நேரத்தில் மூச்சுக்குழாயிலும் அதுவே நடந்துகொண்டிருக்கும். கோழை குறைந்து, மயிரிழைகளும் போய்விட்டால் கிருமிக்கு வழி திறந்த மாதிரிதான்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

முட்டை மஞ்சள் கரு, பால், நெய், ஈரல், முழுதாகச் சாப்பிடும் சிறு மீன் ஆகியவற்றில் ஏ நேரடியாகவே இருக்கிறது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, கேரட், பரங்கிக்காய், மாம்பழம், பப்பாளி ஆகியவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். அதை உடம்பு ஏ-ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். உணவிலிருந்து வரும் 12 மைக்ரோகிராம் கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம் ஏ கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. இந்தியருக்கான பரிந்துரை ஆணுக்கு நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 840. சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்கள் கீரையை ஒப்புக்கு ஒரு கரண்டி வைத்துக்கொண்டால் போதாது.

கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள். எண்ணெயே இல்லாமல் வேகவைத்த கீரையையும் பச்சைக் கேரட்டையும் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். உடல் எடை குறைக்கிறேன் என்று எண்ணெயை அடியோடு நிறுத்தியவர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயோ கொஞ்சம் தேங்காய்த் துருவலோ இருந்தால் போதும். கீரையை மசித்து, பருப்பும் தாளிப்பும் சேர்த்துக் கடைவது நம் ஊர்ப் பழக்கம். நன்றாக வெந்து மசிந்தால் கரோட்டின் செல்லை விட்டு வெளியே வரும், தாளித்த எண்ணெய் அதைக் குடல் வழியே உள்ளே கொண்டுபோகும். இதைவிட நல்ல செய்முறையை ஆய்வகம் சொல்லித் தர முடியாது.

பிறந்த குழந்தைக்கு முதல் நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கொடுக்கத் தவறாதீர்கள். அந்த மஞ்சள் நிறமே கரோட்டின். குடல் சுவரின் மேல் படிந்து காக்கும் எதிர்ப்புப் புரதமும் அதில் நிறைய இருக்கிறது. அழுக்குப் பால் என்று பிழிந்து ஊற்றும் பழக்கம் இன்னும் எங்காவது இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

குழந்தைக்கு 9 மாதம் முடியும்போது தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 லட்சம் யூனிட், அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் என ஐந்து வயது வரை மொத்தம் 9 முறை ஏ திரவம் கொடுப்பது அரசுத் திட்டம். கொடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். அதே மருந்தைத் தனியாரிடமும் வாங்கி இரட்டிப்பாகக் கொடுத்துவிடக் கூடாது. மிஞ்சிய ஏ கல்லீரலில் தங்கித் தலைவலி, வாந்தி, எலும்பு வலி என்று தொல்லை தரும். கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் ஏ மாத்திரை எடுக்கவே கூடாது, ஈரலையும் அடிக்கடி சாப்பிட வேண்டாம். அளவு மிஞ்சினால் கருவுக்குக் கேடு. காய்கறியில் இருந்து வரும் கரோட்டினுக்கு இந்தப் பயம் கிடையாது. மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான்.

படி 4: துத்தநாகம், தினக்கூலி வாங்கும் ஆள்

தோலும் குடலும் ஒரே சரக்கை நம்பி நிற்கின்றன என்பதை ஓர் அரிய நோய் காட்டிக்கொடுத்தது. பிறவியிலேயே சில குழந்தைகளுக்குக் குடல் துத்தநாகத்தை உறிஞ்சாது. தாய்ப்பால் குடிக்கும் வரை பெரும்பாலும் நன்றாக இருப்பார்கள். பசும்பாலுக்கு மாறியதும் வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் கைகால்களிலும் சிவந்து உரியும் புண்கள் வரும், முடி கொட்டும், ஓயாத வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். முன்பு இப்படிப்பட்ட குழந்தைகளில் பலர் இறந்துபோனார்கள். 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் மொய்னஹான் என்ற தோல் மருத்துவர், காரணம் துத்தநாகப் பற்றாக்குறை என்று கண்டுபிடித்தார். துத்தநாக உப்பைக் கொடுத்ததும் தோலும் குடலும் முடியும் சேர்ந்தே மீண்டன. தாய்ப்பாலில் உள்ள துத்தநாகத்தைக் குழந்தையால் எளிதில் உறிஞ்ச முடியும் என்பதுதான் அதுவரை அவர்களைக் காத்திருக்கிறது.

நம்மில் பெரும்பாலோருக்கு அந்தப் பிறவிக் குறை இல்லை. நமக்குள்ள சிக்கல் தட்டில் இருக்கிறது. தானியம், பருப்பு, எள் எல்லாவற்றிலும் துத்தநாகம் உண்டு. ஆனால் கூடவே ஃபைட்டிக் அமிலம் என்ற ஒன்றும் உண்டு. அது துத்தநாகத்தையும் இரும்பையும் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் விடாது. இந்தியருக்கான துத்தநாகப் பரிந்துரை ஆணுக்கு 17 மி.கி., பெண்ணுக்கு 13.2 மி.கி. என்று உயர்வாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கட்டை அவிழ்க்கும் வேலையை நம் சமையலறை காலங்காலமாகச் செய்துவருகிறது. ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது. தானியத்திலேயே இருக்கும் ஒரு நொதியும், மாவில் வளரும் நுண்ணுயிர்களும் ஃபைட்டிக் அமிலத்தைச் சிதைக்கின்றன. அதனால் இட்லி மாவை இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள். அவசரத்துக்குச் சோடா உப்பு போட்டுப் பொங்க வைத்தால் மாவு உப்பும், உள்ளே இருக்கும் கட்டு அவிழாது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கேழ்வரகு எல்லாவற்றையும் எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பச்சைப்பயறை முளைகட்டிச் சுண்டல் செய்தால் இன்னும் நல்லது. கேழ்வரகுக் கூழைப் புளிக்கவைத்துக் குடித்தவர்கள் காரணம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இது எளிது. ஆட்டிறைச்சி, நண்டு, மட்டி இவற்றில் உள்ள துத்தநாகம் தடையில்லாமல் உள்ளே போகும். சைவர்கள் எள், முந்திரி, பூசணி விதை, கடலை வகைகள், பால், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். தனிக் கிடங்கு இல்லை என்பதை மறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி எடுத்துவிட்டு ஆறு நாள் வெறும் ரசஞ்சாதம் சாப்பிட்டால் கணக்கு நேராகாது.

படி 5: வைட்டமின் சி, முப்புரிக் கயிறு

1939-இல் அமெரிக்காவில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர், வைட்டமின் சி துளியும் இல்லாத உணவைத் தானே மாதக்கணக்கில் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து அவர் முதுகில் வேண்டுமென்றே ஒரு வெட்டுக்காயம் போட்டார்கள். ஒழுங்காக ஆறியது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் மறுபடி ஒரு காயம் போட்டார்கள். மேல் தோல் மூடியது போலத் தெரிந்தது, உள்ளே ஆறவே இல்லை. வைட்டமின் சி ஊசி போட ஆரம்பித்த பிறகு அந்தக் காயம் ஆறியது.

மதிலுக்கு அஸ்திவாரம் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு மாதிரி இருக்கும். முறுக்கு அவிழாமல் இருக்க இழைகளில் அங்கங்கே ஒரு சிறு வேதி மாற்றம் நடக்க வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி துணை வேண்டும். துணை இல்லாவிட்டால் கயிறு பிரியும், ஈறு கசியும், பழைய தழும்புகூடத் திறந்துகொள்ளும். மாதக்கணக்கில் கடலில் கிடந்த பழைய காலத்து மாலுமிகளுக்கு நடந்தது இதுதான்.

ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மி.கி., பெண்ணுக்கு 65 மி.கி. போதும். நடுத்தரக் கொய்யா ஒன்றே இதைத் தாண்டிக் கொடுத்துவிடும். பெருநெல்லி ஒன்றிரண்டு இருந்தாலும் போதும். ஆரஞ்சு விலை ஏறினால் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லை. சூட்டில் அழியும், தண்ணீரில் கரையும் சத்து இது. ஆகவே எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பில் சேருங்கள். சாப்பாட்டோடு சி சேர்ந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தும் நன்றாக ஏறும், ஒரே எலுமிச்சையில் இரண்டு வேலை.

படி 6: பி வகையும் இரும்பும்

குடல் செல் மூன்று நாளுக்கு ஒருமுறை பிறக்க வேண்டுமென்றால் மரபணுவை அத்தனை வேகத்தில் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலமும் பி12-உம் கட்டாயம். இதில் ஒரு சுருக்குக் கயிறு இருக்கிறது. ஃபோலிக் அமிலம் குறைந்தால் குடல் சுவர் கெடும். கெட்ட குடல் சுவர் ஃபோலிக் அமிலத்தை உறிஞ்சாது. 1960-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பேக்கரும் மாத்தனும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பரவிய நீண்டகால வயிற்றுப்போக்கை ஆராய்ந்தபோது, இப்படி உறிஞ்சும் திறன் இழந்த குடல்களை ஏராளமாகப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் வயிறு சரியில்லாமல் எடை குறைந்துகொண்டே போனால் சத்து டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பி3-க்கும் இதே மாதிரி ஒரு வரலாறு உண்டு. அது குறைந்தால் வெயில் படும் தோல் கருத்து உரியும், கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலக் கருவளையம் வரும், கூடவே வயிற்றுப்போக்கு, முற்றினால் மனம் குழம்பும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் இது பரவியபோது, தொற்றுநோய் இல்லை, உணவுக் குறைவுதான் என்று கோல்ட்பெர்கர் என்ற அமெரிக்க மருத்துவர் நிறுவினார். பிற்பாடு தக்காணப் பகுதியில் வெறும் சோளம் சாப்பிட்டவர்களிடமும் ஹைதராபாத்தில் ஊட்டச்சத்து ஆய்வாளர் கோபாலனின் குழுவினர் இதைப் பார்த்தார்கள். சிறுதானியம் நல்லதுதான். ஆனால் எந்த ஒரு தானியத்தையும் மட்டும் நம்பிச் சாப்பிடுவது நல்லதில்லை.

பி2-க்குப் பால், தயிர், முட்டை, கீரை போதும். பாலை வெளிச்சம் படும்படி கண்ணாடிப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், ஒளியில் பி2 அழியும். பி12 செடிகொடிகளில் கிடையாது. பால்கூடச் சாப்பிடாத சைவர்கள் அதைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும், அறுபதைத் தாண்டியவர்களும் நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாளாக எடுப்பவர்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இரும்புச்சத்துப் பரிந்துரை பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி., ஆணுக்கு 19. நம் வீடுகளில் அதைத் திருடுவது சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் காபியும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், விடச் சொல்லவில்லை. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவது மாத்திரையைப் பாதி வீணாக்குவது மாதிரி.

படி 7: சாந்தும் வெயிலும்

தோலின் சாந்து கொழுப்பு என்று முன்பே சொன்னேன். அதில் முக்கியமானது லினோலிக் அமிலம். 1929-இல் பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதியர் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்த எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்ததைக் கண்டு, சில கொழுப்புகள் இல்லாமல் உயிர் வாழ முடியாது என்று காட்டினார்கள். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது தாராளமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. தேங்காய் எண்ணெயில் மட்டுமே சமைப்பவர்கள் வாரத்தில் சில நாள் எள்ளோ கடலையோ சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கொழுப்பு கெட்டுப்போகாமல் காப்பது வைட்டமின் ஈ. அதே எண்ணெய்களிலும் கடலையிலும் அதுவும் வந்துவிடும், தனி மாத்திரை வேண்டாம்.

வைட்டமின் டி குடல் செல்களின் பூட்டுகளை இறுக்குவதிலும், கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்க வைப்பதிலும் பங்கு எடுக்கிறது. ஆனால் காலை ஏழு மணி இளவெயிலில் நின்றால் டி கிடைக்கும் என்பது தவறான நம்பிக்கை. அதற்கு வேண்டிய கதிர் அந்த நேரத்தில் தரைக்கு வருவது மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் கையும் காலும் வெயிலில் படட்டும். கருத்த தோலுக்குக் கொஞ்சம் அதிக நேரம் வேண்டும். நாள் முழுக்க அறைக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு இரத்தத்தில் அளவு பார்த்து மருத்துவர் மாத்திரை தருவார்.

புரதம் போதாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலன் தராது. மேஸ்திரி வந்து நின்றாலும் செங்கல் வேண்டுமே. இரவில் வெறும் கஞ்சி மட்டும் குடிக்கும் வயதானவர்களின் தட்டில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ வையுங்கள்.

படி 8: நோய் வந்து போன பிறகு

பலர் கோட்டைவிடும் இடம் இது. வயிற்றுப்போக்கு நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். குடல் சுவர் அப்போதுதான் மறுபடி எழும்பத் தொடங்கியிருக்கும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்பது 2004 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் நாட்டில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 10 மி.கி. என்று 14 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் நாளே வயிறு சரியாகிவிடும், மீதி மாத்திரை அலமாரியில் கிடக்கும். எங்கள் வீட்டிலும் ஒருமுறை அப்படித்தான் பாதியில் நிறுத்தினோம். 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது.

தட்டம்மை வந்தால் உடம்பின் வைட்டமின் ஏ வேகமாகச் செலவாகும். அதனால்தான் அம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் ஏ கொடுக்கிறார்கள். அளவை மருத்துவர்தான் வயதுக்கேற்பச் சொல்ல வேண்டும். அம்மை இறங்கியதும் கீரை, முட்டை, பப்பாளி, நெய் என்று சாப்பாட்டைக் கூட்டுங்கள். பத்தியம் என்று வெறும் கஞ்சியிலேயே வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

படி 9: மாத்திரையை எங்கே நிறுத்துவது

பற்றாக்குறை உள்ள இடத்தில் சத்து உயிரைக் காக்கும். நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் பலன் இல்லை, சில சமயம் கேடு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வில், நாளுக்கு 20 மி.கி. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994-இல் முடிவு வந்தது. புகைபிடிப்பவர்கள் கேரட் சாப்பிடலாம், கரோட்டின் மாத்திரை கூடாது.

துத்தநாகத்தை உணவும் மாத்திரையுமாகச் சேர்த்து நாளுக்கு 40 மி.கி.க்கு மேல் நீண்ட நாள் எடுத்தால் அது செம்பை உள்ளே விடாது. கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் நொதிக்குச் செம்பு வேண்டும். மதிலைக் கெட்டியாக்கப் போய் அதையே தளர்த்துவதாக முடியும். கொரோனா காலத்தில் கடையில் வாங்கிய மாத்திரையைப் பழக்கதோஷத்தில் இன்னும் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் அட்டையைத் திருப்பி அளவைப் படித்துப் பாருங்கள். இரும்பு மாத்திரையும் துத்தநாக மாத்திரையும் இரண்டுமே எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலுமாகப் பிரித்துப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே வேளையில் போட்டால் ஒன்று மற்றதன் வழியை மறிக்கும்.

மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் எடுக்கும் சத்து மாத்திரை, டானிக், புரதப் பொடி எல்லாவற்றின் அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரே சத்து மூன்று பெயர்களில் மூன்று டப்பாவில் இருப்பதைப் பெரும்பாலும் அங்கேதான் கண்டுபிடிக்கிறார்கள்.